தக்காளிக் கடிகாரம் கழன்றது, மாலைப் பட்டியல் தங்கியது: வேலை அழுத்தமும் சில ஆண்டுப் பழக்கங்களும்

ஓர் உத்தியைத் தொடங்கிய முதல் வாரத்திலேயே எழுதப்படும் பாராட்டுகளை நான் நம்புவதில்லை. முதல் வாரத்தில் எல்லாமே பலன் தரும். புது நோட்டு வாங்கிய பிள்ளையின் கையெழுத்து முதல் சில பக்கங்களில் முத்து முத்தாக இருப்பதில்லையா, அதுபோலத்தான். எந்தப் பழக்கமும் ஒரு நெருக்கடிக் காலத்தையும் ஒரு மந்தமான காலத்தையும் ஒரு மேலாளர் மாற்றத்தையும் தாண்டிய பிறகே அதைப் பற்றிப் பேச முடியும். என்னுடையது பல திட்டங்களை ஒருங்கிணைக்கும் அலுவலக வேலை. பாதி நேரம் எழுத்து, மீதி நேரம் பிறருடைய கேள்விகளுக்குப் பதில். அழுத்தத்தைக் குறைக்கும் என்று சொல்லப்பட்ட சில பழக்கங்களைச் சில ஆண்டுகளாகக் கையாண்டு வருகிறேன். அவற்றில் சில இன்னும் இருக்கின்றன; பல கழன்றுவிட்டன.

கழன்றவை பெரும்பாலும் என்னை வேகப்படுத்த வந்தவை. வேகமாக முடிப்பவருக்கு என்ன கிடைக்கும் என்பது அலுவலகம் போகிற எல்லோருக்கும் தெரியும்: அடுத்த வேலை. வேலை எந்த வழியாக உள்ளே வருகிறது, எப்போது அது அன்றைக்கு முடிகிறது என்ற இரண்டையும் ஒழுங்குபடுத்திய பழக்கங்களே நிம்மதி தந்தன.

முதலில் புகழ்பெற்ற பொமோடோரோ. இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் இறுதியில், மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரம் ஒன்றை வைத்து உருவாக்கிய முறை இது. 25 நிமிடம் ஒரே வேலை, 5 நிமிடம் ஓய்வு; நான்கு சுற்று முடிந்தால் கொஞ்சம் நீண்ட ஓய்வு. தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும் வேலையைத் தொடங்க இதைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை. செலவுக் கணக்கு நிரப்புவது, பழைய கோப்புகளைப் பிரிப்பது போன்றவற்றுக்கு இன்றும் கடிகாரத்தைத் திருகுகிறேன். எழுத்து வேலைக்கு மட்டும் இது பகை. ஒரு சிக்கலான அறிக்கைக்குள் மனம் இறங்கவே எனக்கு இருபது நிமிடம் ஆகும். இறங்கிய கையோடு மணி அடிக்கும். முழுநேர முறையாக அது நிலைக்கவில்லை.

வேலைகளை நான்கு கட்டங்களாகப் பிரிக்கும் 'அவசரம், முக்கியம்' அட்டவணையை அமெரிக்க அதிபராக இருந்த ஐசன்ஹோவர் பெயரில் சொல்கிறார்கள். அவர் 1954ஆம் ஆண்டு உரை ஒன்றில், அதையும் வேறொருவர் சொன்னதாகத்தான், அவசரமானவையும் முக்கியமானவையும் ஒன்றல்ல என்று குறிப்பிட்டார். கட்டங்கள் பிறகு வந்தவை. அதில் ஒரு கட்டம் 'பிறரிடம் ஒப்படை' என்கிறது. ஒரு நாட்டின் அதிபருக்கு அது சுலபம். எனக்குக் கீழே யாரும் இல்லை. அந்தக் கட்டத்தில் விழவேண்டிய வேலைகளெல்லாம் பிறருடைய அதே கட்டத்திலிருந்து என்னிடம் வந்தவை. சில மாதங்களில் விட்டுவிட்டேன்.

மின்னஞ்சலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2015இல் உளவியலாளர்கள் கோஸ்தாதின் குஷ்லெவும் எலிசபெத் டன்னும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பங்கேற்றவர்கள் ஒரு வாரம் நாளுக்கு மூன்று முறை மட்டும் மின்னஞ்சல் பார்த்தனர். மற்றொரு வாரம் விருப்பம்போலப் பார்த்தனர். கட்டுப்பாடு இருந்த வாரத்தில் அவர்கள் உணர்ந்த அழுத்தம் குறைவாக இருந்தது. நானும் காலை, மதியம், மாலை என்று மூன்று நேரங்களை வகுத்தேன். தொடக்கத்தில் அழுத்தம் கூடவே செய்தது. பார்க்காத பெட்டிக்குள் என்ன வெடிக்கக் காத்திருக்கிறதோ என்ற நினைப்பே வேலையைக் கெடுத்தது. அதை மாற்றியது ஒரு சிறிய ஏற்பாடு. 'உடனடியாகத் தேவை என்றால் தொலைபேசியில் அழையுங்கள்' என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தேன். அழைப்புகள் அரிதாகவே வந்தன. 'மிக அவசரம்' என்று தலைப்பிட்டு அனுப்புகிற பலர், ஒரு எண்ணை அழுத்திப் பேசும் அளவுக்கு அது அவசரமில்லை என்று தாங்களே முடிவு செய்துகொள்கிறார்கள். அந்த ஏற்பாடு இல்லாமல் மூன்று நேர விதி பிழைத்திருக்காது என்பது என் கணிப்பு.

இந்த விதி எழுத்து வேலைக்கும் உதவியது. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்பதை ஆய்வாளர் சோஃபி லெராய் 2009இல் எழுதினார். அஞ்சலைத் திறந்து 'பிறகு பார்க்கலாம்' என்று மூடிவிட்டு அறிக்கைக்குத் திரும்பியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. திறந்த அஞ்சல் மூடிய பிறகும் உள்ளே பேசிக்கொண்டேதான் இருக்கும்.

எல்லாவற்றிலும் நெடுநாள் நின்றது மாலைப் பட்டியல். பணி முடியும் நேரத்துக்குச் சற்று முன்பு, முடியாமல் கிடக்கும் ஒவ்வொன்றையும் எழுதி, அதை எப்போது, எந்த இடத்திலிருந்து தொடர்வேன் என்பதையும் பக்கத்தில் குறிக்கிறேன். அவ்வளவுதான் முறை. பார்க்கச் சாதாரணமாக இருப்பதால் பலர் இதைக் கடந்துபோய்விடுகிறார்கள். முடித்தவற்றைவிட முடிக்காத வேலைகள் நினைவில் அதிகம் ஒட்டிக்கொள்கின்றன என்று உளவியலாளர் புளூமா சைகார்னிக் 1927இல் எழுதினார். பிற்காலச் சோதனைகள் எல்லாமே அதை உறுதிசெய்துவிடவில்லை. எனக்கு அதைவிடப் பயன்பட்டது மசிகாம்போ, பௌமைஸ்டர் ஆகியோரின் 2011ஆம் ஆண்டு ஆய்வு. முடியாத வேலை மனத்தில் குறுக்கிடுவதை நிறுத்த அதை முடித்தே ஆகவேண்டியதில்லை. எப்படி முடிப்போம் என்று குறிப்பாகத் திட்டமிட்டாலே போதும் என்று அது காட்டியது. இரவில் படுக்கும் முன் செய்யவேண்டியவற்றை ஐந்து நிமிடம் எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட விரைவாகத் தூங்கியதாக மைக்கேல் ஸ்கல்லின் குழுவினர் 2018இல் வெளியிட்டதும் இதனோடு ஒத்துப்போகிறது.

இதில் சூட்சுமம் வாசகத்தில் இருக்கிறது. 'அறிக்கை' என்று ஒற்றைச் சொல்லாக எழுதினால் அது இரவு முழுவதும் உடன் வரும். 'அறிக்கையின் மூன்றாம் பகுதியில் உள்ள எண்களை மூல அட்டவணையோடு ஒப்பிட வேண்டும், நாளை பத்து மணிக்கு' என்று எழுதினால் தாளிலேயே தங்கிவிடும். பட்டியலுக்கு நான் காகிதத்தையே வைத்திருக்கிறேன். செயலிகளில் முயன்றபோது, பட்டியலைத் திறக்கப் போன கை பக்கத்திலிருந்த செய்திகளையும் திறந்தது.

வேலைகளுக்குப் பிடிக்கும் நேரத்தைக் குறித்து வைப்பது இன்னொரு பழக்கம். எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்கூட்டியே எழுதி, முடிந்த பிறகு உண்மையில் ஆன நேரத்தையும் எழுதுவேன். மனிதர்கள் தங்கள் வேலைக்கான நேரத்தைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979இலேயே சொல்லிவிட்டனர். என் குறிப்பேடும் அவர்கள் பக்கமே சாய்கிறது. இதன் உண்மையான பயன் வேறொரு சமயத்தில் தெரிந்தது, அதற்கு வருகிறேன்.

தொடர் நாள் கணக்கு வைத்து நெருப்புப் படம் காட்டும் பழக்கச் செயலிகளை நீக்கிவிட்டேன். 21 நாளில் பழக்கம் உருவாகும் என்பது, முகம் மாறிய நோயாளிகள் புதிய தோற்றத்துக்குப் பழக எடுத்துக்கொண்ட காலத்தைப் பற்றி மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அறுவை மருத்துவர் 1960இல் எழுதிய கவனிப்பிலிருந்து வளர்ந்த கதை. பிலிப்பா லாலி குழுவினரின் லண்டன் ஆய்வில் சராசரி 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதே ஆய்வு சொல்வதுதான். விட்ட ஒரு நாளுக்காகக் கணக்கைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோகும் செயலி எனக்கு ஒரு கூடுதல் மேலாளர், இருப்பவர்களே போதும்.

மதியத்துக்குப் பிறகு காப்பியை நிறுத்தியது தூக்கத்துக்கு உதவியது. மூச்சுப் பயிற்சியைக் கூட்டங்களுக்கு முன்பு மட்டும் செய்கிறேன், படபடப்பு தணிகிறது.

பழக்கங்கள் எதுவும் கைகொடுக்காத ஒரு காலமும் இருந்தது. உடன் பணிபுரிந்த ஒருவர் விலகினார், அவருடைய இடம் நிரப்பப்படவில்லை, இரண்டு பேர் வேலை என் மேசைக்கு வந்தது. பட்டியல் நீண்டது, எழுதி வைத்தும் தூக்கம் வரவில்லை. வேலையின் பளு அதிகமாகவும் அதைத் தீர்மானிக்கும் உரிமை குறைவாகவும் இருக்கும்போதுதான் அழுத்தம் உச்சமாகிறது என்று ஆய்வாளர் ராபர்ட் காரசெக் 1979இல் வகுத்த கோட்பாடு என் நிலைமையைச் சரியாகச் சொன்னது. பழக்கத்தால் பளு குறையாது. அந்த நேரத்தில்தான் நேரக் குறிப்பேடு வேலைக்கு வந்தது. 'மிகவும் சிரமமாக இருக்கிறது' என்று சொல்லியிருந்தால் ஆறுதல் மட்டும் கிடைத்திருக்கும். குறிப்பேட்டை மேலாளர் முன் வைத்து, 'இந்த வாரத்துக்குள் இவ்வளவும் அடங்காது, இவற்றில் எதை நிறுத்தட்டும்?' என்று கேட்டேன். இரண்டு திட்டங்கள் ஒத்திவைக்கப்பட்டன. என் அனுபவத்தில் மிகப் பெரிய நிவாரணம் அந்த அரைமணி நேரப் பேச்சிலிருந்து வந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் பணிச் சோர்வை நோய் என்று வகைப்படுத்தாமல், வேலை சார்ந்த நிகழ்வு என்றே வரையறுத்தது: பணியிடத்தில் சரியாகக் கையாளப்படாத நீடித்த அழுத்தத்தின் விளைவு. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்புடன் சேர்ந்து அது 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் சுமார் 35 சதவீதம் கூடுதல். இந்த எண்ணைத் தெரிந்துகொண்டபின், 60 மணி நேர வாரத்தை 'திறமையாக' முடிக்கக் கற்றுத்தரும் எந்த முறையிலும் எனக்கு ஆர்வம் இல்லை.

யாருக்கு எது பொருந்தும் என்று கேட்டால்: மருத்துவமனைப் பிரிவிலோ வாடிக்கையாளர் அழைப்பிலோ இருப்பவருக்கு மூன்று நேர மின்னஞ்சல் விதி உதவாது. மாலைப் பட்டியலை ஷிப்ட் வேலை செய்பவர்கூட வைத்துக்கொள்ளலாம். நேரக் குறிப்பேட்டை, பேசிப் பார்க்கக்கூடிய மேலாளர் இருப்பவர்கள் தொடங்கலாம். வாரக்கணக்கில் தூக்கம் கெட்டுப்போனவருக்கு நான் இவற்றில் எதையும் பரிந்துரைக்க மாட்டேன். அவர் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அலுவலக அரட்டைச் செயலிக்கு மட்டும் இன்னும் வழி கிடைக்கவில்லை. அறிவிப்புகளை அணைத்தால் குழுவில் எடுக்கும் முடிவுகள் என்னைக் கேட்காமல் போகின்றன. திறந்து வைத்தால் மின்னஞ்சலை அடக்கிப் பெற்றதெல்லாம் அந்த வழியாக வெளியேறுகிறது. இப்போதைக்கு அதை எழுத்து வேலை செய்யும் காலை நேரத்தில் மட்டும் மூடி வைக்கிறேன். குழுவில் இரண்டு பேர் அதற்கு முகம் சுளித்தார்கள். மூன்றாமவர் தானும் மூடத் தொடங்கிவிட்டார்.