கெர்னலுக்குள் சொந்த டிசிபி மாட்யூல்: சோதனைக் கருவிகளோடு சில வருடங்கள்

லினக்ஸ் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப்பகுதி) டிசிபியின் நெரிசல் கட்டுப்பாட்டை, அதாவது நெட்வொர்க் தாங்கும் அளவுக்கு மட்டும் அனுப்பும் விதியை, நாமே எழுதி மாட்யூலாகச் செருகிக்கொள்ளலாம். கெர்னல் 2.6.19 முதல் இயல்பாக வருவது கியூபிக். 4.9-இல் பிபிஆர் சேர்ந்தது. இவை இருக்க எங்களுக்கு எதற்குத் தனியாக ஒன்று என்றால், எங்கள் இணைப்புகளின் குணம் அப்படி. நீண்ட நேரம் சும்மா கிடக்கும், திடீரென்று ஒரு பெரிய தொகுதியை அனுப்பும், மறுபடி அடங்கிவிடும்.

சும்மா கிடக்கும் இணைப்பைக் கெர்னல் நம்புவதில்லை. ஆர்டிடி (பேக்கெட் போய்ப் பதில் திரும்பும் நேரம்) 100 மில்லிசெகண்ட், கன்ஜெஷன் விண்டோ (பதிலுக்குக் காத்திராமல் அனுப்பி வைக்கக்கூடிய அளவு) 40 பேக்கெட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டிஓ (பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பும்வரை காத்திருக்கும் நேரம்) சுமார் 300 மில்லிசெகண்டாக இருக்கும். சும்மா கிடக்கும் ஒவ்வொரு ஆர்டிஓவுக்கும் விண்டோ பாதியாகும்: அரை விநாடி எதுவும் அனுப்பவில்லை என்றால் அடுத்த முறை விண்டோ 20. ஒரு விநாடி ஆகிவிட்டால் 10, அதாவது புது இணைப்பின் தொடக்க அளவு. சிஸ்கன்ட்ரோலில் (கெர்னல் அமைப்புகளை மாற்றும் வழி) ஒரு அமைப்பை மாற்றி இதை அணைக்கலாம்தான். ஆனால் அது அந்த நேம்ஸ்பேஸின் (ஒரே இயந்திரத்துக்குள் தனித்தியங்கும் நெட்வொர்க் சூழல்) எல்லா இணைப்புகளையும் பாதிக்கும். மணிக்கணக்கில் பழையதாகிப்போன விண்டோவையும் அப்படியே நம்பி அள்ளிவிடும். எங்களுக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில் ஒன்று.

மாட்யூலில் 'காங் கன்ட்ரோல்' ஃபங்ஷனை எழுதினால், கெர்னல் இந்தக் குறைப்பைச் செய்யாமல் விலகிக்கொள்ளும். பிபிஆரும் அந்த வழிதான். ஆனால் அதோடு பேக்கெட் இழப்பின்போது விண்டோவைப் படிப்படியாகக் குறைக்கும் வேலையையும் கெர்னல் கைகழுவிவிடும். எல்லாம் நம் தலையில். ஆகவே சோதனை என்பது வேகம் கூடியதா என்று பார்ப்பதோடு முடியாது. கெர்னல் இதுவரை சத்தமில்லாமல் செய்துவந்த ஒவ்வொன்றையும் நாம் சரியாகச் செய்கிறோமா என்று பார்க்க வேண்டும்.

இதற்கு நான் அதிகம் சார்ந்திருப்பது பேக்கெட்டிரில் என்ற சோதனைக் கருவி. கூகுள் 2013-இல் வெளியிட்டது. ஸ்கிரிப்ட்டில் ஒவ்வொரு வரியிலும் ஒரு நேரம், ஓர் அம்புக்குறி. ஒரு பக்கம் பார்க்கும் அம்பு நாம் கெர்னலுக்குள் தள்ளும் பேக்கெட். எதிர்ப்பக்கம் பார்ப்பது கெர்னல் அந்த நேரத்தில் வெளியே விட வேண்டிய பேக்கெட். இடையில் சின்னப் பைத்தான் வரியை நுழைத்து, இப்போது விண்டோ இத்தனையாக இருக்க வேண்டும் என்று சாக்கெட்டையே கேட்கலாம். மேலே சொன்ன 40, 20, 10 கணக்கைக் கியூபிக்கில் ஒரு ஸ்கிரிப்டாக எழுதி, அதே ஸ்கிரிப்ட்டின் எதிர்பார்ப்புகளை மட்டும் மாற்றி எங்கள் மாட்யூலுக்கும் வைத்திருக்கிறோம். வித்தியாசம் எந்த வரியில் தொடங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

குறை இல்லாமல் இல்லை. இது நேரத்தைக் கறாராகப் பார்க்கும் கருவி. சில மில்லிசெகண்ட் தவறினாலே தோல்வி என்று சொல்லிவிடும். நெரிசலான மெய்நிகர் இயந்திரத்தில் ஓடும்போது பிழை நம் நிரலிலா, சிபியு கிடைக்காத தாமதத்திலா என்ற குழப்பம் வரும். சகிப்பு அளவைக் கூட்டலாம். ரொம்பக் கூட்டினால் ஆர்டிஓ சார்ந்த சோதனைகளுக்கு அர்த்தமே இல்லாமல் போகும். நான் நேரம் சார்ந்த ஸ்கிரிப்டுகளைத் தனியாகப் பிரித்து, அவற்றைப் பிழை தேடும் அமைப்புகள் இல்லாத சாதாரண கெர்னலில் மட்டும் ஓட்டுகிறேன்.

செயற்கையாகத் தாமதமும் இழப்பும் உண்டாக்கும் நெட்எம் வேறு கதை. தொடங்க இதைவிட எளிதானது இல்லை: நேம்ஸ்பேஸ்கள், அவற்றை இணைக்கும் வீத் (மெய்நிகர் கேபிள்) ஜோடிகள், ஒரே கட்டளையில் தாமதமும் இழப்பும். பத்து நிமிடத்தில் அழகான வரைபடம் வந்துவிடும். அந்த வரைபடம் மாட்யூலை அளக்கிறதா, சோதனைக்கூடத்தை அளக்கிறதா என்பதுதான் கேள்வி. நெட்எம் வரிசையின் இயல்பு கொள்ளளவு 1000 பேக்கெட். 1500 பைட் பேக்கெட், 100 மில்லிசெகண்ட் தாமதம் என்றால் கணக்கு விநாடிக்கு 120 மெகாபிட்டில் முட்டிக்கொள்ளும். அதற்கு மேல் நெட்எம் தானாகவே பேக்கெட்டைக் கொட்டும். நீங்கள் கேட்ட இழப்பு விகிதத்தில் அது சேராது. கொள்ளளவைக் கையால் உயர்த்தாத எந்த நெட்எம் முடிவையும் நான் இப்போது படிப்பதுகூட இல்லை.

இன்னொன்று, வீத் வழியாகப் போகும்போது டிஎஸ்ஓ, ஜிஎஸ்ஓ (தரவைப் பேக்கெட்டாகத் துண்டுபோடுவதைக் கடைசிவரை தள்ளிப்போடும் வசதிகள்) இயங்கிக்கொண்டிருந்தால் 64 கிலோபைட் வரை பெருத்த ஒரே பேக்கெட்டாகப் போகும். 1 சதவீத இழப்பு கேட்டால் அந்த மொத்தமும் ஒரேயடியாகக் காணாமல் போகும். நிஜ நெட்வொர்க்கில் அப்படி ஒரு இழப்பு மாதிரியே இல்லை. ஈத்டூல் கட்டளையில் இவற்றை அணைத்துவிட வேண்டும். நெட்எம்மை அனுப்பும் பக்கத்திலேயே மாட்டுவதும் கூடாது. அங்கே வரிசை நிரம்பி வழிந்தால் கெர்னலுக்கு அது அப்போதே தெரிந்து விண்டோவைக் குறைக்கத் தொடங்கிவிடும். ஏசிகே (பெறுநரின் ஒப்புகை) வந்து சொல்லும்வரை காத்திருக்காது. அனுப்புநர், பெறுநர் நடுவே ரவுட்டராக மூன்றாவது நேம்ஸ்பேஸை வைத்து அங்கே மாட்டுங்கள்.

அப்புறம் டிசிபி மெட்ரிக்ஸ் தற்காலிகச் சேமிப்பு. ஓர் இணைப்பு மூடும்போது அந்த முகவரிக்கான ஆர்டிடி போன்றவற்றைக் கெர்னல் நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த இணைப்புக்குக் கொடுக்கும். முதல் ஓட்டத்துக்கும் இரண்டாவதுக்கும் முடிவு ஏன் மாறுகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வைப்பது இதுதான். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நேம்ஸ்பேஸை அழித்துப் புதிதாக உருவாக்கினால் தொல்லை தீர்ந்தது.

பிழை தேடும் (டீபக்) அமைப்புகளுடன் கட்டிய கெர்னல் மெதுவாக ஓடும். ஆனால் அது இல்லாமல் மாட்யூலை வெளியே விட மாட்டேன். விர்ட்மி-என்ஜி கருவி இருப்பதால் கட்டிய கெர்னலைச் சில விநாடிகளில் கியூஎம்யூ மெய்நிகர் இயந்திரத்தில் துவக்கிவிடலாம். தனியாக டிஸ்க் இமேஜ் வேண்டாம். மாட்யூலின் சொந்தத் தகவலுக்குச் சாக்கெட்டுக்குள் கெர்னல் தருவது 104 பைட்தான். அதைவிடப் பெரிதாக வரலாறு வைத்திருக்க வேண்டுமானால் தனியாக நினைவகம் ஒதுக்கி, இணைப்பு முடியும்போது விடுவிக்க வேண்டும். இந்த இடம்தான் வழுக்கும். கெர்னலோடு வரும் சிடிஜி மாட்யூலிலேயே இப்படி ஒன்று இருந்தது: எம்பிடிசிபி (ஒரே இணைப்பைப் பல பாதைகளில் நடத்தும் டிசிபி) ஏற்கெனவே துண்டித்த இணைப்பை மறுபடி துண்டிக்கும்போது, ஒரே நினைவகம் இருமுறை விடுவிக்கப்படக்கூடும். 2022-இல் திருத்தினார்கள். சாதாரண கெர்னலில் இது எப்போதாவது, சம்பந்தமே இல்லாத இடத்தில் போய் வெடிக்கும். காசான் (நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் கருவி) இயக்கிய கெர்னல் எங்கே ஒதுக்கியது, எங்கே விடுவித்தது, எங்கே தொட்டது என்று மூன்று தடங்களையும் அச்சடித்துக் கொடுக்கும். பூட்டுகளைக் கண்காணிக்கும் லாக்டெப்பும் அப்படித்தான். சாஃப்ட்ஐஆர்க்யூவிலும் (கெர்னலின் இடைமறிப்பு வேலைச் சூழல்) சாதாரண சூழலிலும் ஒரே பூட்டைக் கவனமில்லாமல் எடுத்தால், முட்டுக்கட்டை நிஜமாக நிகழும் முன்பே எச்சரிக்கும். நினைவக ஒதுக்கீடு தோற்றால் என்ன ஆகும் என்பதற்கு வேண்டுமென்றே ஒதுக்கீட்டைத் தோற்கடிக்கும் ஃபெயில்ஸ்லாப் போதும்.

சின்ன எரிச்சல்களும் உண்டு. திருத்திய மாட்யூலை மறுபடி ஏற்றப் போனால் பயன்பாட்டில் இருக்கிறது என்று மறுக்கும். இணைப்பு எல்லாம் மூடியாயிற்றே என்று பார்த்தால், கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் லிசனிங் சாக்கெட்டும் மாட்யூலைப் பிடித்து வைத்திருக்கும். சாக்கெட்டுகளைப் பட்டியலிடும் எஸ்எஸ் கட்டளையில் லிசனிங் சாக்கெட்டுகளையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. நேம்ஸ்பேஸை அழித்த பிறகு, லோ (இயந்திரம் தனக்குள்ளேயே பேசும் லூப்பேக்) இடைமுகம் விடுபடக் காத்திருப்பதாகக் கெர்னல் பதிவில் திரும்பத் திரும்ப வரி வந்தால், எங்கோ ஒரு குறிப்பு எண்ணிக்கை கசிகிறது. இதைக் கண்டுபிடிப்பது பெரிய வேதனை. ரெஃப் டிராக்கர் அமைப்பை இயக்கிக் கட்டினால் யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று தெரியும். அது வந்த பிறகுதான் மூச்சு விட முடிந்தது.

5.6 முதல் நெரிசல் கட்டுப்பாட்டை ஈபிபிஎஃப்பிலும் (கெர்னலுக்குள் பாதுகாப்பாக நிரல் ஓட்டும் வழி) எழுதலாம். புதிதாகத் தொடங்குபவருக்கு என் பரிந்துரை அதுதான். ஏற்றும் முன் நிரலைச் சரிபார்க்கும் வெரிஃபையர் நச்சரிக்கும், சரி. ஆனால் சுட்டி தவறினால் இயந்திரம் விழுவதற்குப் பதில் நிரல் ஏறவே ஏறாது. கைகுலுக்கல், இணைப்பு மூடும் முறை இவற்றில் கை வைக்க வேண்டுமானால் மட்டும் கெர்னல் பேட்ச்தான் வழி, அந்தச் சுமையைத் தெரிந்தே ஏற்க வேண்டும். கெர்னலின் உள் இடைமுகம் நிலையானது அல்ல. 6.10-இல் காங் கன்ட்ரோல் ஃபங்ஷனுக்கு இரண்டு அளபுருக்கள் கூடின, அந்த ஃபங்ஷனை எழுதி வெளியே வைத்திருந்த மாட்யூல்கள் கம்பைல் ஆகாமல் நின்றன. நாங்களும் மாட்யூலைத் திருத்த வேண்டியிருந்தது. பேக்கெட்டிரில் ஸ்கிரிப்டுகளில் ஒரு வரியும் மாறவில்லை. அவை பார்ப்பது வெளியே வரும் பேக்கெட்டையும் சாக்கெட் சொல்லும் எண்களையும் மட்டும்தான்.