எபெரான்: முள்ளோடை தாண்டி வருகிறவர்களுக்குச் சட்டென்று புரிகிற உலகம்

கதை சொல்லி நடித்து ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துக்கு வருகிற பலருக்கும் முதலில் அறிமுகமாவது ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகம்தான். கோட்டை, சத்திரம், காட்டுப்பாதை, மலைக்குள் டிராகன். நாங்களும் அங்கேதான் தொடங்கினோம். ஆனால் புதுச்சேரி அரியாங்குப்பத்தில் ஆடும் எங்கள் குழு விடாமல் கூடுவதற்குக் காரணம் வேறு ஒரு புத்தகம்: 'எபெரான்: ரைசிங் ஃப்ரம் த லாஸ்ட் வார்'. இந்த ஆட்டத்தை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் 2019 நவம்பரில் கொண்டுவந்தது. கெட்டி அட்டை, 320 பக்கம். என்னிடம் உள்ள ஆட்டப் புத்தகங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

இந்த ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. டிஎம், அதாவது டன்ஜன் மாஸ்டர், என்று ஒருவர் இருப்பார். உலகத்தையும் அதில் எதிர்ப்படுகிறவர்களையும் அவர் சொல்லுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி நடிப்பார்கள். செய்ய நினைத்தது கைகூடுமா என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும். எங்கள் குழுவில் டிஎம் நான். ஆட்டம் முழுக்கத் தமிழில்தான்.

எபெரான் பிறந்ததே ஒரு போட்டியில். புதிய கற்பனை உலகம் வேண்டும் என்று 2002-ல் அதே நிறுவனம் அறிவித்தபோது 11,000-க்கும் மேற்பட்ட யோசனைகள் வந்தன. தேர்வானது கீத் பேக்கருடையது. முதல் புத்தகம் 2004-ல் வந்தது. 2019 பதிப்பை எழுதியவர்களிலும் அவர் ஒருவர்.

கதை இதுதான். கலிஃபார் என்ற பெரிய ராஜ்ஜியம். அரசர் இறந்ததும் வாரிசுச் சண்டை வெடித்து, ஐந்து நாடுகள் ஏறக்குறைய நூறு வருஷம் மோதிக்கொள்கின்றன. ஒரு நாள் சைர் என்ற நாடு அப்படியே அழிந்துபோகிறது. சாம்பல் நிற மூடுபனி அதைச் சூழ்ந்துகொள்கிறது. உள்ளே கிடக்கும் பிணங்கள் அழுகுவதுகூட இல்லை. யார் செய்தது, எப்படி நடந்தது என்று எவருக்கும் தெரியாது. அடுத்தது நாமோ என்ற பயத்தில்தான் மற்ற நாடுகள் உடன்படிக்கையில் கையெழுத்துப் போடுகின்றன. அதற்கு இரண்டு வருஷம் கழித்து நம் ஆட்டம் தொடங்குகிறது. சைர் ஏன் அழிந்தது என்பதைப் புத்தகம் கடைசிவரை சொல்லாது. அந்த முடிவை டிஎம் கையில் விட்டிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்த உலகத்தை விளக்கிச் சொல்லவே வேண்டியதில்லை. ரயில் உண்டு, நாளிதழ் உண்டு. வங்கி நடத்த ஒரு குடும்பம், அடையாளப் பத்திரத்துக்கு முத்திரை போட ஒரு குடும்பம், காசு கட்டினால் வைத்தியம் பார்க்க ஒரு குடும்பம் என்று மந்திரத்தையே தொழிலாக்கி வைத்திருக்கிறார்கள். எல்லை தாண்டக் காகிதம் காட்ட வேண்டும். எங்களில் பாதிப் பேர் கடலூரிலிருந்து புதுச்சேரி எல்லையில் உள்ள முள்ளோடை வழியாக வருகிறவர்கள். பாகூர்ப் பக்கம் போனால் ஒரே பயணத்தில் தமிழ்நாடும் புதுச்சேரியும் மாறி மாறி வரும். எந்தப் பக்கம் பெட்ரோல் விலை குறைவு என்று பார்த்து வண்டியை நிறுத்துகிறவர்களுக்கு, இந்த நாடுகள் இருக்கும் கொர்வேர் கண்டத்தின் வரைபடத்தில் எல்லைக்கோடுகள் ஏன் இப்படி வளைகின்றன என்ற சந்தேகமே வரவில்லை. 1690-ல் கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயர்கள் மராட்டியர்களிடம் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம்வரை உள்ள ஊர்களும் சேர்த்தி என்று பேசி முடித்தார்கள். 'குண்டு கிராமங்கள்' என்று அவற்றுக்குப் பெயரே வந்தது. இப்படிப்பட்ட மண்ணில் எபெரான் ஒட்டாமல் இருக்குமா?

1783-ல் நடந்ததையும் ஆட்டத்துக்குள் கொண்டுவந்தேன். கடலூரில் இருந்த பிரெஞ்சுப் படையை ஆங்கிலேயர்கள் முற்றுகையிட்டுச் சண்டை போட்டார்கள். ஐரோப்பாவில் அந்த வருஷத் தொடக்கத்திலேயே சமாதானம் பேசியாகிவிட்டது. அந்தச் செய்தி கப்பலில் இங்கே வந்து சேர ஜூன் கடைசி ஆகிவிட்டது. அதற்குள் இரண்டு பக்கமும் எத்தனையோ பேர் செத்துப் போனார்கள். மூடுபனிக்குள் சிக்கிய ஒரு வார்ஃபோர்ஜ்டு படைக்கும் இதே நிலை என்று வைத்தேன். வார்ஃபோர்ஜ்டு என்பவர்கள் போருக்கென்றே மரத்தாலும் உலோகத்தாலும் செய்யப்பட்டு, உயிரும் அறிவும் பெற்றவர்கள். உடன்படிக்கைதான் அவர்களுக்கு விடுதலை கொடுத்தது. இந்தப் படைக்கு அந்தச் சேதியே போகவில்லை.

மஞ்சக்குப்பத்துத் தம்பி ஒருவனின் பாத்திரமும் வார்ஃபோர்ஜ்டுதான். ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு அந்தத் தளபதி முன்னால் போய் நின்றான்.

"ஐயா, போர் முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு."

"யார் உத்தரவு?" என்றேன், தளபதியாக.

"உத்தரவு இல்லைங்க ஐயா. இனிமே நமக்கு உத்தரவு போட யாரும் இல்லை."

பகடையை உருட்டச் சொல்லவில்லை. அந்தப் பதிலுக்குப் பகடை எதற்கு? சைர் அகதியாக ஆடுகிற பெண் மட்டும், "அக்கா, இவங்களுக்காவது விடுதலைன்னு எழுதிக் கொடுத்தாங்க. எங்க நாட்டுக்கு அந்த உடன்படிக்கையில இடமே இல்லையே?" என்று கேட்டாள். புத்தகத்தில் இருப்பதும் அதுதான். அழிந்த நாட்டைத் தனி நாடாக யாரும் ஏற்கவில்லை. அகதிகள் ஷார்ன் நகரத்தின் ஹை வால்ஸ் பகுதியில் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். அடுத்த ஆட்டங்கள் எல்லாம் அவள் கேள்வியிலிருந்தே கிளைத்தன.

குழுவை ஆதரிக்கும் அமைப்புகள் பற்றிய பகுதியும் உருப்படியானது. ஒற்றர் படை, பல்கலைக்கழகம், குற்றக் கும்பல் என்று பல வகை. நாங்கள் நாளிதழைத் தேர்ந்தெடுத்தோம். நிருபர்களாகப் போனால் எந்த ஊருக்கும் எந்தச் சாவுக்கும் போகக் காரணம் கிடைத்துவிடுகிறது.

குறைகள் உண்டு. வானளாவிய கோபுரங்களின் நகரமான ஷார்னுக்குத் தனி அத்தியாயமே தந்தவர்கள், மற்ற நாடுகளைச் சில பக்கங்களில் முடித்துவிட்டார்கள். எலும்புப் படையை வைத்துப் போரிட்ட கார்நாத்துக்கு இன்னும் நிறைய எழுதியிருக்க வேண்டும். அடிப்படை விதிகளும் இதில் இல்லை. அதற்கு 'பிளேயர்ஸ் ஹேண்ட்புக்' வேண்டும், அல்லது இலவசமாகக் கிடைக்கும் 5.1 விதித் தொகுப்பு. அந்தத் தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துக்கு வந்துவிட்டது. அதனால் யாரும் தமிழில் பெயர்த்து வெளியிடலாம். நானும் மந்திரங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்து வருகிறேன். எபெரானுக்கே உரிய ஊர்களும் பெயர்களும் அந்த உரிமத்தில் அடங்காது.

அமெரிக்காவில் அட்டை விலை 49.95 டாலர். இங்கே வரவழைத்தால் ஏறி இறங்கும், ஆகவே இரண்டு மூன்று இடங்களில் விசாரித்து வாங்குங்கள். பெட்டிக்குள் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். எனக்கு வெறும் பிளாஸ்டிக் உறையில் வந்து மூலை நசுங்கிவிட்டது. வாங்கியதும் ஷார்ன் அத்தியாயத்தைப் படித்துவிட்டு, நான்காவது அத்தியாயத்தில் உள்ள 'ஃபர்காட்டன் ரெலிக்ஸ்' என்ற சிறு கதையை நடத்திப் பாருங்கள். முதல் நிலைப் பாத்திரங்களுக்கென்றே எழுதியது. புது டிஎம்மும் தைரியமாக எடுத்து நடத்தலாம்.