போய்ப் பார்த்துவிட்டுத் தீர்மானிக்க: தாதியருக்கான குறுங்காலக் கல்வி வழிகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு வைத்தியசாலைகளில் பணிபுரியும் தாதிய உத்தியோகத்தர் சிலர், வெளிநாட்டுக்கு நிரந்தரமாகப் போவதற்கு முன் அந்த வாழ்க்கை தமக்கு ஒத்துவருமா என்று சில மாதங்கள் இருந்து பார்க்க விரும்புகிறார்கள். அது நியாயமான விருப்பம். ஆனால் எந்தப் படிப்பை வைத்துப் போவது என்பதில் தவறினால், காணியை ஈடுவைத்துத் திரட்டிய பணம் ஒரு சான்றிதழோடு முடிந்துவிடும்.

வாழ்ந்து பார்ப்பது மட்டுமே நோக்கமானால் கனடாவையே முதலில் சொல்வேன். ஆறு மாதம் அல்லது அதற்குக் குறைந்த கற்கைநெறிக்கு அங்கே தனியாகக் கல்வி அனுமதி தேவையில்லை. வருகை விசாவிலேயே படிக்கலாம். ஸ்காபரோவில் சித்தி வீடு இருந்தால் வாடகைச் செலவும் இல்லை. தை மாதக் குளிரையும், இரவு வேலை முடித்துப் பேருந்துக்குக் காத்து நிற்கும் நம்மவர்களையும் நேரில் பார்த்துத் தீர்மானிக்கலாம். ஆயினும் அந்த விசாவில் வேலை செய்ய முடியாது. "படித்துக்கொண்டே உழைக்கலாம்" என்று முகவர் சொன்னால் அதை நம்பக்கூடாது.

பிரித்தானிய வருகை விசாவிலும் ஆறு மாதம் வரை படிக்கலாம், உழைக்க முடியாது. ஆங்கிலம் மட்டும் கற்க 6 முதல் 11 மாதம் வரையிலான தனி விசா ஒன்றும் உண்டு. வவுனியாவிலேயே படிக்கக்கூடிய ஆங்கிலத்துக்கு இவ்வளவு செலவு செய்வதை என்னால் பரிந்துரைக்க முடியவில்லை. பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றிலுமே தாதியர் பதிவுக்கு ஐஈஎல்டிஎஸ் தேர்வில் வாசித்தல், கேட்டல், பேசுதல் ஆகியவற்றில் 7உம், எழுதுதலில் 6.5உம் வேண்டும். அந்தப் புள்ளிகளை இங்கிருந்தே எடுத்துவிடலாம்.

அவுஸ்திரேலியாவில் வருகை விசாவோடு மூன்று மாதம் மட்டுமே படிக்கலாம். முன்பு அங்கே போன பின் மாணவர் விசாவுக்கு மாறுவோர் இருந்தனர். 2024 யூலை 1 முதல் அந்த வழி அடைக்கப்பட்டுவிட்டது. இங்கிருந்தே மாணவர் விசா எடுத்தால் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் உழைக்கலாம். அதற்குப் பாடக் கட்டணமும் பயணச் செலவும் போக, ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கென 29,710 டொலர் காட்ட வேண்டும். 2025 யூலை முதல் விண்ணப்பக் கட்டணமே 2,000 டொலர். ஒரு பரீட்சார்த்தப் பயணத்துக்கு இது மிகப் பெரிய சுமை.

நியூசிலாந்தின் நிலை வேறு. பல ஆண்டுகளாக வெளிநாட்டுத் தாதியர் அங்கே சில வாரத் தகுதிப் பயிற்சியொன்றை முடித்தே பதிவு பெற்றனர். 2023 டிசம்பரிலிருந்து அதற்குப் பதிலாக எழுத்துத் தேர்வும், கிறைஸ்ட்சேர்ச்சில் இரண்டு நாள் ஆயத்தத்துடன் கூடிய செய்முறைத் தேர்வும் வந்துள்ளன. இந்தக் குறும்பயணம் பொதுவான பராமரிப்புச் சான்றிதழ் எதையும்விட மேலானது என்பதே என் கருத்து, ஏனெனில் நாடு பிடிக்காமல் திரும்பினாலும் தேர்வுப் பேறு தொழிலோடு சேர்ந்து நிற்கும். பிரித்தானியாவின் செய்முறைத் தேர்வையும் வருகை விசாவில் சென்று எழுதலாம். தாதியர் பதிவுக்காகக் கனடாவும் அவுஸ்திரேலியாவும் பயன்படுத்தும் என்கிளெக்ஸ் (NCLEX) தேர்வுக்குச் சென்னையிலேயே நிலையம் உண்டு.

எதைத் தெரிவுசெய்தாலும் பதவி விலகல் கடிதம் கொடுக்க வேண்டாம். 2022இல் அரசாங்கம் அரச ஊழியர்கள் வெளிநாடு செல்ல ஐந்து ஆண்டு வரை சம்பளமற்ற விடுமுறை வழங்கும் சுற்றறிக்கையை வெளியிட்டது. அப்படியான விடுமுறை உங்களுக்குக் கிடைக்குமா என்று விசாரித்து, எழுத்து மூல அனுமதி கைக்கு வந்த பிறகே கல்லூரிக்கு முதற்கட்டணத்தைச் செலுத்துங்கள்.