ஐந்து வயதுக்கு எந்த கேம்: டவுன்ஸ்கேப்பரா, அனிமல் கிராஸிங்கா, மைன்கிராஃப்டா?

போன தீபாவளி லீவில் போனிலிருந்து ஒரு கேமைத் தூக்கினோம். பெயர் வேண்டாம், இலவசமாகக் கிடைக்கும் ஆயிரத்தில் அதுவும் ஒன்று. பூனையைக் குளிப்பாட்டிச் சட்டை போட்டுவிட வேண்டும். மூன்று சட்டைக்கு ஒரு விளம்பரம் வரும், நாலாவது சட்டைக்குப் பூட்டு. போனை வாங்கி வைத்தால் மகள் அழுகிற அழுகைக்கு மாடிவீட்டுக்காரர் இறங்கி வந்து விசாரிப்பார். அவளுக்கு அப்போது ஐந்து முடிந்து இரண்டு மாதம்.

கேமே வேண்டாம் என்பவர்களில் முதல் ஆள் என் அம்மா. அவரோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. நாங்கள் கொடுப்பது சாயங்காலம் இருபது நிமிடம், அவ்வளவுதான். அந்த இருபது நிமிடம் சண்டையில்லாமல் தொடங்கிச் சண்டையில்லாமல் முடிய வேண்டும். அதற்காக நாலு கேம்களை வாங்கியும் இரவல் வாங்கியும் ஆடிப் பார்த்தோம்.

எளிதில் சொல்லிவிடக்கூடியவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். நாலிலும் ரத்தம் கிடையாது, பாட்டு காதைக் குடையாது. பார்க்கவும் அழகாகவே இருக்கும்.

ஆல்டோஸ் ஒடிஸி 2018-இல் வந்தது. பாலைவன மணல்மேட்டில் ஒருவன் சறுக்கிக்கொண்டே போவான். திரையைத் தொட்டால் குதிப்பான், அமுக்கிப் பிடித்தால் குட்டிக்கரணம். ஸென் மோட் என்று ஒன்று இருக்கிறது. அதில் மதிப்பெண்ணும் இல்லை, தோல்வியும் இல்லை, விழுந்தால் எழுந்து போய்க்கொண்டே இருக்கலாம். சூரியன் சாய்ந்து ராத்திரி வருவதைப் பார்க்க எனக்கே சுகமாக இருந்தது. மகளுக்கு மூன்றே நாள். “அவன் எங்கப்பா போறான்?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இது பெரியவர்கள் ஆபீஸிலிருந்து வந்து ஆட ஏற்றது.

மைன்கிராஃப்ட், கட்டைகளை அடுக்கி வேண்டியதைக் கட்டுகிற கேம். அதை நாங்கள் பத்து நாள்தான் ஆடினோம், ஆகவே இந்தப் பத்தியை அந்த அளவுக்கே நம்புங்கள். கிரியேட்டிவ் மோடில் எல்லாக் கட்டைகளும் கணக்கில்லாமல் கிடைக்கும், பறக்கவும் முடியும். பீஸ்ஃபுல் என்று வைத்துவிட்டால் தாக்க வரும் ஸோம்பி, கிரீப்பர் மாதிரி பூதங்கள் எதுவும் வராது. ஆனால் டேப்பில் ஒரு விரலால் நடக்க வேண்டும், இன்னொரு விரலால் திரும்பிப் பார்க்க வேண்டும். ஐந்து வயதில் இரண்டும் ஒன்றாக வரவில்லை. ஒருநாள் தரையை நோண்டிக்கொண்டே போய் “அப்பா, இருட்டா இருக்கு” என்று டேப்பை என்னிடம் நீட்டினாள். மேலே ஏற்றிவிட எனக்கே ஐந்து நிமிடம் ஆயிற்று. ஏழெட்டு வயதுப் பையன் இருக்கிற வீட்டில் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். ஐரோப்பிய வயது முத்திரையும் இதற்கு ஏழு என்றுதான் இருக்கிறது.

அனிமல் கிராஸிங்: நியூ ஹொரைசன்ஸ் 2020 மார்ச்சில் நிண்டெண்டோ ஸ்விட்ச் என்ற கேம் கருவிக்கு வந்த கேம். அண்ணன் மகன் ஸ்விட்சை இரண்டு மாதத்துக்கு இரவல் கொடுத்தான். ஒரு தீவில் குடியேறி மீன் பிடிக்கலாம், பூச்செடி நடலாம், கரடியும் முயலும் பக்கத்து வீட்டுக்காரர்கள். வெளியே ராத்திரி என்றால் கேமிலும் ராத்திரி, கடை பத்து மணிக்குச் சாத்திவிடும். வீட்டைப் பெரிதாக்கச் சொன்னால் மறுநாள்தான் வேலை முடியும். பொறுமைக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடைக்காது என்று முதல் வாரம் மனைவியிடம் பெருமையடித்தேன்.

சிக்கல் என்னவென்றால், எல்லா மிருகங்களும் பேசுகின்றன, ஆங்கில எழுத்தில். அணில் என்ன சொல்லுச்சு, வாத்து என்ன கேட்டுச்சு என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்ல வேண்டும். நல்ல நேரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில்தானே குக்கரை வைக்கலாம் என்று நினைத்தோம்! இன்னொன்று, ஒரு ஸ்விட்சுக்கு ஒரே தீவுதான். அண்ணன் மகன் வருஷக்கணக்காகப் பராமரித்த தீவில் இவள் விருந்தாளி. பூவைப் பறித்தாலும் பஞ்சாயத்து.

எல்லாவற்றையும் தாண்டி எங்களுக்கு முடிவு சொன்னது ஒரே கேள்வி: “சாப்பிட வா” என்றால் எழுந்து வருகிறாளா? யோசித்துப் பார்த்தால் பிள்ளைகள் பெரும்பாலும் கேமுக்காக அழுவதில்லை, பாதியில் விட்டதற்காக அழுகிறார்கள். மைன்கிராஃப்டில் ஒரு குடிசைக்கே ஐம்பது அறுபது கட்டை வேண்டும். “இந்தச் சுவத்தை முடிச்சிட்டு வரேன்” என்பாள், சுவர் முடிந்தால் கூரை நிற்கும். அனிமல் கிராஸிங்கில் அன்றன்றைக்குப் புதைந்திருக்கும் நாலு புதைபடிவங்களில் மூன்றைத்தான் தோண்டியிருப்பாள். ஆல்டோவுக்கு முடிவே கிடையாது.

டவுன்ஸ்கேப்பரில் பாதி வீடு என்ற ஒன்றே இல்லை. ஆஸ்கர் ஸ்டால்பெர்க் என்ற ஸ்வீடன்காரர் உருவாக்கியது, 2021-இல் முழுதாக வெளிவந்தது. திரை முழுக்கக் கடல். ஒரு நிறத்தை எடுத்துத் தண்ணீரில் தொட்டால் ‘ப்ளக்’ என்று கட்டை ஒன்று எழும். அதன்மேல் இன்னொன்றைத் தொட்டால் கதவு, ஜன்னல், கூரை எல்லாம் தானாக வந்து வீடாகிவிடும். பக்கத்தில் ஒன்று வைத்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். சுற்றி வளைத்துக் கட்டினால் நடுவில் தோட்டம் முளைக்கும். எந்த இடத்தில் எது பொருந்தும் என்பதைக் கேமே கணக்குப் போட்டுக்கொள்கிறது. ஒவ்வொரு தொடுதலோடும் ஊர் முழுமையாகிவிடுவதால் எந்த நொடியில் கூப்பிட்டாலும் எதுவும் அரைகுறையாக நிற்பதில்லை. காசு, மதிப்பெண், நேரக் கணக்கு, படிக்க வேண்டிய எழுத்து எதுவும் இல்லை. ஒருமுறை வாங்கினால் போதும், விளம்பரமும் உள்ளே கடையும் கிடையாது.

முதல் வாரம் நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாலாம் நாள் அவளாகவே டேப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தாள். ஒரு சந்தில் இரண்டு வீட்டுக்கு நடுவே கொடி கட்டித் துணி தொங்கியது. “அம்மாச்சி துணி காயப் போட்டிருக்காங்க, காஞ்சதும் வரேன்னு சொல்லிட்டேன்” என்றாள். உயரமாக எழுப்புவதெல்லாம் அவளுக்குக் கோபுரம்தான். கூரையில் வந்து உட்காரும் பறவைகளைப் புறா என்கிறாள், நான் திருத்தவில்லை.

குறையும் உண்டு. ஊரில் ஓர் ஆள்கூட நடமாட மாட்டார், கதை எல்லாம் பிள்ளையின் தலையிலிருந்துதான் வர வேண்டும். ‘ஜெயிக்கணும்’ என்று துடிக்கிற பிள்ளைக்கு இது கொட்டாவி விடவைக்கலாம். எங்களிடம் இருப்பது ஒரே பிள்ளை, நாலு மாத அனுபவம். ஆறு வயதிலும் இந்த மயக்கம் இருக்குமா என்று சத்தியம் செய்யத் தயாரில்லை. சந்தேகம் இருந்தால், கணினியில் உலாவியிலேயே ஆடிப் பார்க்கச் சிறிய பதிப்பு ஒன்று இலவசமாக இருக்கிறது. ஒரு சாயங்காலம் அதைக் கொடுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

படிக்கத் தெரிந்த பிறகு அனிமல் கிராஸிங்கை மறுபடி எடுக்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். அதுவரை ஸ்விட்ச் இங்கே சும்மா கிடக்க வேண்டாம் என்கிறான் அண்ணன் மகன். ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பறித்த பூக்களை அதற்குள் நட்டு வைக்கச் சொல்லியிருக்கிறான்.