மொட்டைக்குத் தப்பாத கோடு: எஃப்யூடியா, எஃப்யூஇயா?

முடி மாற்று அறுவை செய்துகொள்வது என்று தீர்மானித்து இராமநாதபுரத்திலிருந்து மதுரைக்குச் சென்றபோது, மருத்துவர் என் முன் வைத்த கேள்வி ஒன்றுதான்: பின்தலைத் தோலைப் பட்டையாக வெட்டியெடுத்து அதிலிருந்து முடி வேர்களைப் பிரிக்கும் எஃப்யூடியா, வேர்களை ஒவ்வொன்றாகத் துளையிட்டு எடுக்கும் எஃப்யூஇயா? நான் இரண்டாவதைச் செய்துகொண்டு ஒன்றரை ஆண்டு ஆகிறது. முதலாவதைச் செய்துகொண்டவர் என் மனைவியின் தம்பி. ஆகவே எஃப்யூடியைப் பற்றி இங்கே நான் சொல்வது கூட இருந்து பார்த்ததே அன்றி, பட்டு அறிந்ததன்று.

நடுவதில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. பின்தலை முடியை எங்கே நட்டாலும் அது தன் இயல்பை விடாது என்று நியூயார்க் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் 1959இல் எழுதியதே இரண்டுக்கும் அடிப்படை. செலவில் எஃப்யூடி பெரும்பாலும் குறைவு. எஃப்யூஇக்குப் பின்தலையை ஒட்டச் சிரைக்க வேண்டும், மேசையில் கிடக்கும் நேரமும் அதிகம். எஃப்யூடியில் தையல் உண்டு. அதைப் பிரிக்கப் பத்துப் பதினான்கு நாளில் மைத்துனர் மறுபடியும் மதுரைக்குப் பேருந்து ஏற வேண்டியிருந்தது.

என்னை முடிவெடுக்க வைத்தது மொட்டை. எங்கள் கரையோரத்தில் தலையை ஒரு முறையேனும் மழிக்காமல் ஆணின் ஆயுள் கழிவது அரிது: தகப்பனார் போனால் மொட்டை, வேண்டுதலுக்கு மொட்டை, கீழக்கரையிலிருந்து உம்ராவுக்குப் போய்வரும் நண்பர்களில் பலரும் மழித்த தலையோடுதான் திரும்புகிறார்கள். மாமனார் காலமான அன்று வீட்டு வாசலில் மைத்துனருக்குச் சிரைத்துக்கொண்டிருந்த பெரியவர், பின்தலைக்கு வந்ததும் கத்தியை நிறுத்திவிட்டு, “தம்பி, இங்க எப்ப அடிபட்டுச்சு?” என்று கேட்டார். ஒரு காதின் பின்னாலிருந்து மறு காதின் பின்வரை, சணல் கயிற்றின் பருமனில், ஒரு மயிரும் முளைக்காத வெள்ளைக் கோடு ஓடியது. துக்கத்துக்கு வந்தவர்கள் அனைவரும் அதைப் பார்த்தார்கள். மைத்துனர் கருமாதி முடியும்வரை தலையில் துண்டைப் போட்டே உட்கார்ந்திருந்தார்.

எஃப்யூஇயில் வடுவே இராது என்று விளம்பரங்கள் சொல்வது உண்மையன்று. துளையின் விட்டம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். ஒவ்வொன்றும் ஒரு வெண்புள்ளியை விட்டுச் செல்லும். சென்ற சித்திரை வெயிலுக்கு நான் ஒட்ட வெட்டிக்கொண்டபோது அவை தெரிந்தன, ஆனால் அருகில் வந்து உற்றுப் பார்த்தவர்களுக்கு மட்டும். பேராசைப்பட்டு அளவுக்கு மீறி எடுத்தால் பின்தலை கரையான் அரித்த ஓலையைப் போல ஆகிவிடும்; அங்கே எடுத்த முடி அங்கே மறுபடி முளைக்காது. நட்ட முடியை மழித்தால் வேருக்குக் கேடில்லை என்றாலும், முன்தலையில் சவரக்கத்தி படாமல் ஆறு மாதம் பொறுக்கும்படி என் மருத்துவர் சொன்னார்.

எந்த முறையானாலும், செய்பவர் யார் என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். 2016இல் சென்னையில் இந்தச் சிகிச்சைக்குப் பின் மருத்துவ மாணவர் ஒருவரே உயிரிழந்தார். முறையான பயிற்சி பெற்ற மருத்துவரே இதைச் செய்ய வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. சர்க்கரை, இரத்த அழுத்தம், ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகள் எதையும் மறைக்காமல் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். புகைப்பவர் அதை நிறுத்த வேண்டும்.

செய்த பின், முதல் சில இரவுகள் தலையை உயர்த்தி வைத்துச் சாய்ந்தே தூங்கினேன். பொருக்குகள் பத்து நாளில் உதிர்ந்தன. மூன்றாம் வாரத்திலிருந்து நட்ட முடியும் கொட்டத் தொடங்கியபோது பணம் கடலில் போனது என்றே நினைத்தேன். ஆனால் அது இயல்பு. வேர் உள்ளே இருக்கும்; மூன்று நான்கு மாதத்தில் துளிர்க்கும், முழுப் பலன் தெரிய ஓராண்டு ஆகும். நம் ஊர் வெயிலும் உப்புக்காற்றும் வியர்வையும் புதுத் தோலுக்கு ஆகாதவை. கடலில் இறங்க ஒரு மாதம் தடை என்பதால், அவ்வாண்டு ஆடி அமாவாசைக்கு அக்னி தீர்த்தக் கரையில் நின்று கால் மட்டும் நனைத்தேன். நடாத பழைய முடி தொடர்ந்து உதிரும் என்பதால், முடி உதிர்வைத் தடுக்கத் தரப்படும் மினாக்சிடில், ஃபினாஸ்டரைடு ஆகிய மருந்துகள் பற்றி மருத்துவரிடம் பேசுவது இரண்டு முறைக்கும் பொது. ஃபினாஸ்டரைடால் பாலியல் பக்கவிளைவு உண்டாகலாம் என்பதையும் கேட்டறிந்துகொள்ள வேண்டும்.

மைத்துனர் தன் தேர்வைக் குறை சொல்வதில்லை. ஒரே அமர்வில் நிறைய வேர்கள் கிடைத்ததால், அவருடைய முன்தலை என்னுடையதைவிட அடர்த்தி. முடியை இரண்டு விரற்கடை வளர்த்துவிட்டால் கோடும் மறைந்துவிடுகிறது. திருச்செந்தூர் வேண்டுதலை மட்டும் இவ்வாண்டு மொட்டை போடாமல், சிறிது முடியை மட்டும் கொடுக்கும் பூமுடியோடு நிறுத்திக்கொண்டார்.