சினாய் கிறிஸ்து ஓவியத்தின் பிரதி: வாங்குமுன் முகத்தைப் பாதி மறைத்துப் பாருங்கள்

எகிப்தின் சினாய் மலையடிவாரத்தில் உள்ள தூய கத்தரீன் துறவு மடத்தின் கிறிஸ்து ஓவியத்துக்கு இப்போது இணையக் கடைகளில் நிறைய பிரதிகள் கிடைக்கின்றன. கண்ணாடி ஃபிரேம் போட்ட காகித அச்சு, கேன்வாஸ், எம்.டி.எஃப் பலகையில் (மரநாரை அழுத்திச் செய்தது) ஒட்டியது என்று பெரும்பாலும் மூன்று வகை. எதை வாங்கினாலும் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: முகத்தின் இரண்டு பாதியும் வேறு வேறாக இருக்கின்றனவா? ஒரே மாதிரி இருந்தால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

சோதிப்பது எளிது. ஒரு தபால் அட்டையை எடுத்து, நெற்றியின் நடுவிலிருந்து மூக்கு வழியாகத் தாடி வரை செங்குத்தாக வைத்து ஒரு பாதியை மறையுங்கள். நமக்கு இடப்பக்கம் தெரிவது கிறிஸ்துவின் வலப் பாதி. புருவம் தளர்ந்திருக்கும், கண் அமைதியாக நம்மைப் பார்க்கும், கன்னத்தில் வெளிச்சம் இருக்கும். இப்போது அட்டையை மறுபக்கம் மாற்றுங்கள். புருவம் வளைந்து உயர்ந்திருக்கும், கன்னத்தில் நிழல் விழுந்திருக்கும், வாயோரம் கீழே இழுபட்டிருக்கும். ஒரே முகத்தில் அருள் ஒரு பக்கம், தீர்ப்பு ஒரு பக்கம் என்று இதைப் படிப்பவர்கள் பலர். மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்தின் தீர்ப்புக் காட்சியில், ஆசி பெறும் செம்மறியாடுகள் அரசரின் வலப்பக்கமும் தண்டனை பெறும் வெள்ளாடுகள் இடப்பக்கமும் நிற்பதை நினைத்துப் பார்த்தால், கனிவு ஏன் வலப் பாதியில் இருக்கிறது என்பது புரியும். கிறிஸ்து ஒருவரே, அவரில் இறைத்தன்மை, மனிதத்தன்மை என இரு இயல்புகள் என்று 451இல் திருச்சபையின் கால்செதோன் சங்கம் அறிவித்ததோடு சேர்த்துப் படிப்பவர்களும் உண்டு. எப்படிப் படித்தாலும், பொருள் முழுவதும் அந்தச் சமமின்மையில்தான் தங்கியிருக்கிறது.

பிரதிகள் கெடுவதும் அங்கேதான். முகம் கோணலாக இருப்பதைப் பிழை என்று நினைத்துச் சிலர் கணினியில் 'சரிசெய்து' விடுகிறார்கள். தானியங்கி மெருகேற்றலும் இதையே செய்கிறது: நிழலை வெளுக்க வைத்து, உதட்டை நேராக்கி, தோலை வழவழப்பாக்கி விடுகிறது. மிஞ்சுவது அழகான ஒரு தாடிக்காரரின் படம். நம் வீடுகளில் மாட்டியிருக்கும் இயேசுவின் திருஇருதயப் படங்களின் மென்மையான முகத்துக்குப் பழகிய கண்ணுக்கு அதுவே சரியாகவும் தோன்றும். திருஇருதயப் படத்தின் மென்மைக்கு அதற்கே உரிய பொருள் உண்டு. அதைக் கொண்டுவந்து இந்த முகத்தில் பூசக் கூடாது.

இன்னொரு தவறு, படத்தை இடவலமாகப் புரட்டி அச்சிடுவது. கண்டுபிடிக்க நற்செய்தி நூலைப் பாருங்கள். மணிகள் பதித்த, சிலுவை பொறித்த அந்தத் தடித்த நூல் நமக்கு வலப்பக்கம், அவருடைய இடக்கையில் இருக்க வேண்டும். ஆசி வழங்கும் வலக்கை மார்பின் முன் இருக்க வேண்டும். நூல் நமக்கு இடப்பக்கம் வந்துவிட்டால் ஆசி வழங்குவது இடக்கை ஆகிவிடும், தீர்ப்பின் பாதி அவருடைய வலப்பக்கம் போய்விடும். இப்படிப் பட்டதைத் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

அளவு. மூல ஓவியம் ஏறக்குறைய 84 செ.மீ. உயரம், 45.5 செ.மீ. அகலம். அதாவது உயரம் அகலத்தைப் போல 1.85 மடங்கு. 30 செ.மீ. உயரப் பிரதி என்றால் அகலம் 16 செ.மீ.யைச் சற்றே தாண்ட வேண்டும். ஏ4 தாளின் விகிதம் 1.41தான். அந்த ஃபிரேமில் நிறைத்து அச்சிட்டால் மேலேயோ கீழேயோ வெட்டியாக வேண்டும். மேலே வெட்டினால் தலைக்குப் பின்னால் இருக்கும் கட்டட முகப்பும் விண்மீன் வடிவங்களும் போகும், கீழே வெட்டினால் நூல் பாதியில் நிற்கும். அதைவிட மோசம், வெட்டாமல் அகலவாட்டில் இழுத்து நிரப்புவது. நீண்ட முகம் உருண்டையாகிவிடும். விற்பவர் தரும் நீள அகலத்தை வகுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஏ4தான் வேண்டுமென்றால் பக்கங்களில் வெற்று ஓரம் விட்டு அச்சிடச் சொல்லுங்கள்.

தெளிவையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 30 செ.மீ. உயரத்துக்கு 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அச்சிட ஏறக்குறைய 3,540 பிக்சல் உயரமுள்ள கோப்பு தேவை. இணையத்தில் எடுத்த 1,000 பிக்சல் படத்தை அதே அளவுக்குப் பெரிதாக்கினால் 85 டிபிஐதான் கிடைக்கும். மூன்றடி தள்ளி நின்றால் தெரியாது, செபிக்க அருகில் போனால் தெரியும். இந்த ஓவியத்தில் அருகில் தெரிவது முக்கியம். உருகிய மெழுகில் நிறமி கலந்து தீட்டிய 6ஆம் நூற்றாண்டு ஓவியம் இது. எகிப்தின் ஃபயூம் பகுதிக் கல்லறைகளில் கிடைத்த பழங்கால முக ஓவியங்கள் பலவும் இந்த முறையில் தீட்டியவைதான். கன்னத்திலும் கழுத்திலும் தூரிகையின் இழுப்பு தெரிவதால்தான் தோலுக்கு உயிர் வருகிறது. நல்ல அச்சில் அந்த இழுப்புகளை எண்ணலாம். மட்டமான அச்சில் அவை ஒரே பழுப்புத் திட்டாகிவிடும்.

நிறத்தில் முதலில் அடிபடுவது அங்கி. மூலத்தில் அது கருஞ்சிவப்பு கலந்த ஊதா, பேரரசர்களுக்கு உரிய நிறம். அச்சில் மை கூடினால் வெறும் கறுப்பாகி, அரசர் என்ற செய்தியே மறைந்துவிடும். தோளில் துணி மடிப்புகள் தனித்தனியாகத் தெரிந்தால் நிறம் சரி. ஒளிவட்டத்துக்குப் பொன் ஃபாயில் ஒட்டியவை விலை கூடுதல். ஆனால் கண்ணைப் பறிக்கும் மஞ்சள் ஃபாயில் முகத்தை அமுக்கிவிடுகிறது. மங்கலான பொன் நிறம் போதும்.

பளபள லேமினேஷன் வேண்டவே வேண்டாம். விளக்கு வெளிச்சம் சரியாக நெற்றியில் விழுந்து கண்களை மறைக்கும். மேட் பூச்சு கேளுங்கள். எம்.டி.எஃப் வாங்கினால் நான்கு விளிம்பும் பின்பக்கமும் வண்ணமோ வார்னிஷோ பூசியிருக்கிறதா என்று பாருங்கள். பூசாத பலகை கடலோர ஊர்களின் ஈரத்தில் உப்பி, அச்சு மூலைகளில் உரியத் தொடங்கும். கேன்வாஸ் உரியாது. ஆனால் அதன் நெசவு கண்ணிமை, உதடு போன்ற நுண்ணிய இடங்களைச் சிதைக்கிறது, 40 செ.மீ.க்குக் கீழே அது பயனில்லை. சிறிய அளவில் மேட் காகிதமும் எதிரொளிக்காத கண்ணாடியும்தான் மூன்றிலும் சிறந்தது.

இவ்வளவு பார்த்து வாங்க வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். படிமத்துக்குச் செய்யும் வணக்கம் அது காட்டும் ஆளுக்கே செல்கிறது என்று 787இல் இரண்டாம் நீசேயா சங்கம் சொன்னது. அப்படியானால் அவரைத் தவறாகக் காட்டும் படிமம் சின்னக் குறையல்ல. பைசாந்தியப் பேரரசில் திருவுருவங்களை அழித்த காலத்தில் சினாய் அதன் ஆட்சிக்கு வெளியே இருந்ததால் இந்த ஓவியம் தப்பியது. பிற்காலத்தில் மேலே பூசிய வண்ணத்தை 1962இல் நீக்கிய பிறகுதான் இந்த முகத்தின் பழமை உலகுக்குத் தெரிந்தது. அதை மீண்டும் மெருகுக்கு அடியில் புதைப்பது வருத்தமான காரியம்.

மாட்டும்போது முகம் கண்மட்டத்தில் இருக்கட்டும். நேர் வெயில் படும் சுவர் வேண்டாம், அந்த ஊதா வெளிறிவிடும். மெழுகுவர்த்தியைப் படத்துக்கு நேர் கீழே வைத்தால் புகை ஒளிவட்டத்தில் படியும். ஒரு முழம் முன்னால் தள்ளி, நமக்கு இடப்பக்கமாக வையுங்கள். ஓவியத்திலும் வெளிச்சம் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. தீட்டிய நிழலும் அறையின் நிழலும் ஒரே திசையில் விழும்போது, அவருடைய இடப் புருவம் இன்னும் கொஞ்சம் உயர்ந்தாற்போல் தெரியும்.