மனித மனத்தைச் சொல்லித் தருகிறோம் என்று 12,000 பிடுங்கிவிட்டார்கள்: உஷார்!

கோபம் இன்னும் அடங்கவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆன்லைனில் வகுப்பு விற்கும் ஒரு தளம். பெயரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்பதால் போடவில்லை. ‘மனிதன் நல்லவனா, கெட்டவனா?’ என்று நேரலை வகுப்பு, புதிய ஆய்வுகள் வரை எல்லாம் உண்டு, பிடிக்காவிட்டால் ஒரு வாரத்துக்குள் முழுப் பணமும் வாபஸ் என்றார்கள். 12,000 கட்டினேன்.

நம்ப வைத்தது அந்த ஃபோன் பேச்சுதான். அந்தப் பெண் அவசரப்படுத்தவே இல்லை. “யோசிச்சே சொல்லுங்க சார். பிடிக்கலைன்னா நானே பேசி வாங்கித் தரேன்” என்று அவ்வளவு பொறுமையாகச் சொன்னார். அக்கறையாகப் பேசுகிறவரைச் சந்தேகப்பட யாருக்கு மனசு வரும்?

வந்தது நேரலை இல்லை, பழைய வீடியோ. சரி, சரக்காவது தேறுமா என்று பார்த்தால், மாணவர்களைக் காவலர்களாகவும் கைதிகளாகவும் நடிக்கவைத்த 1971 ஸ்டான்ஃபோர்ட் சிறைச் சோதனையை வைத்து ‘சீருடை கொடுத்தால் எவனும் மிருகம்’ என்று ஒரே முழக்கம். காவலராக நடித்த மாணவனைச் சோதனைக் குழுவே கடுமையாக நடந்துகொள்ளத் தூண்டிய ஒலிப்பதிவு 2018-இல் வெளியே வந்ததைப் பற்றி மூச்சு விடவில்லை. 1964-இல் நியூயார்க்கில் ஒரு பெண் கொலையாவதை 38 பேர் வேடிக்கை பார்த்தார்கள் என்ற கதையும் அப்படியே வந்தது. அந்த எண்ணிக்கை பெரிதும் மிகைப்படுத்தப்பட்டது என்று, அன்று செய்தி போட்ட நியூயார்க் டைம்ஸே 2016-இல் எழுதிவிட்டது. 40 நாடுகளில் 17,000-க்கும் மேற்பட்ட பர்ஸ்களைத் ‘தொலைத்து’ப் பார்த்த ஆய்வு 2019-இல் வந்தது. காசு இல்லாத பர்ஸைவிடக் காசு இருந்த பர்ஸைத்தான் அதிகம் பேர் திருப்பிக் கொடுக்க முயன்றார்கள். அது பாடத்திலேயே கிடையாது. இருந்தால் நம் 12,000 நினைவுக்கு வந்துவிடும் என்று பயமோ என்னவோ.

அன்றே பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதலில் தானியங்கிப் பதில். அப்புறம் சாட்டில் ஒருவர், “உங்கள் வருத்தம் புரிகிறது. முதல் வீடியோவைத் திறந்துவிட்டதால் எங்கள் விதிப்படி தர இயலாது” என்றார். திறக்காமல் பிடிக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்? அந்தப் பெண்ணையே கூப்பிட்டேன். “நான் சேல்ஸ் மட்டும்தான் சார், ரீஃபண்ட் வேற டீம்.” அந்த டீமுக்கு நம்பரே இல்லை.

1961-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் மில்கிராம் தொடங்கிய சோதனையும் இவர்கள் பாடத்தில் வருகிறது. ‘சோதனை தொடர வேண்டும்’ என்று நடத்துபவர் சொன்னதற்காக, 40 பேரில் 26 பேர் இன்னொருவருக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதாக நம்பியே 450 வோல்ட் வரை பொத்தானை அழுத்தினார்கள். அவர்களுக்காவது வியர்த்தது, கை நடுங்கியது. இவர்கள் ஸ்மைலி போடுகிறார்கள்.

டிப்ஸ் நிறைய எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. வாபஸ் விதியைப் பணம் கட்டும் முன் படியுங்கள். ஃபோனில் சொல்வதை எழுத்தில் கேளுங்கள். பேச்சு எவ்வளவு இனிப்போ அவ்வளவு மெதுவாகப் பணம் கட்டுங்கள். கூட இருந்த இருவர் அழுத்த மறுத்தபோது, அதே மில்கிராம் சோதனையின் இன்னொரு சுற்றில் கடைசி வரை போனவர்கள் 40-இல் 4 பேர்தான். ஆகவே இதே தளத்தில் ஏமாந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம். என் 12,000-க்கு வங்கியில் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டேன்.